விடியாத வேளையில் ஒரு பள்ளிப் பயணம்: மிஷனரிக் குடும்பங்களும் நம் தோட்டத்துப் பிள்ளைகளும்



புலாவ் செபாங்கில் பள்ளி நாளன்று காலை ஆறு மணிக்கு வாசலில் வந்து நின்றால் வானம் இன்னும் இருட்டாகவே இருக்கும். அந்த இருட்டில் பள்ளி வேன்கள் ஓடத் தொடங்கிவிடும். வீட்டு வாசலில் தாய் ஒரு கையில் புத்தகப் பையையும் மறு கையில் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு நிற்பார். வேனில் ஏறியதும் பிள்ளை மீண்டும் உறங்கிவிடும். முதற்பாட வேளையில் மேசை மீது தலை சாய்க்கும் மாணவனைக் கண்டால் நாம் கடிந்துகொள்கிறோம். அவன் எத்தனை மணிக்கு எழுந்தான் என்று கேட்பதில்லை.

இந்த இருட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னோக்கி நகர்த்தப்பட்டன. சபா, சரவாக்கோடு ஒரே நேரம் கடைப்பிடிக்கவே அந்த மாற்றம் செய்யப்பட்டது. கதிரவனோ தன் நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதனால் இங்கு ஏழு மணியை ஒட்டியே பொழுது விடிகிறது. பள்ளி மணியோ ஏழரைக்கு அடிக்கிறது. தொலைவிலிருந்து வரும் பிள்ளைக்கு விடியல் என்பது பயணத்தின் நடுவில் வருவதாகும்.

பள்ளிக்காகப் பிள்ளைகள் இருட்டில் புறப்படுவது இன்று நேற்றுத் தோன்றியதன்று. அந்த வரலாற்றில் நாம் எதிர்பாராத ஒரு கூட்டத்தாரும் உண்டு. நம் மண்ணுக்கு வந்து பள்ளிகளைத் திறந்த வெள்ளைக்கார மிஷனரிகளின் சொந்தப் பிள்ளைகளே அவர்கள். அவர்களின் பள்ளிப் பயணத்தையும் நம் தோட்டத்துப் பிள்ளைகளின் பள்ளிப் பயணத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலாக்காவில் ஒரு தொடக்கம்

நம் மாநிலத்திலிருந்தே தொடங்குவோம். இலண்டன் மிஷனரிச் சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் மில்ன் என்ற இசுக்காட்லாந்துக்காரர் தம் மனைவி ரேச்சலுடன் 1815இல் மலாக்காவில் வந்து இறங்கினார். அதே ஆண்டு சீனச் சிறுவர்களுக்கு இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னர் இராபர்ட் மோரிசனுடைய திட்டப்படி ஆங்கிலோ-சீனக் கல்லூரிக்கு 1818 நவம்பர் 11ஆம் நாள் மலாக்காவில் அடிக்கல் நாட்டப்பட்டது. அக்கல்லூரி 1843இல் ஹாங்காங்கிற்கு மாற்றப்பட்டு, இன்றும் அங்கே பள்ளியாக இயங்கி வருகிறது.

இந்த மிஷனரிகளுக்கு மலாய் மொழி கற்பித்தவர் முன்ஷி அப்துல்லா. 1796இல் மலாக்காவில் பிறந்த அவருடைய முன்னோரில் தமிழரும் இருந்தனர். தம் தந்தையார் தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதையும், மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் கற்பது வழக்கமாக இருந்ததையும் அவர் தம் வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார். தோட்டங்கள் தோன்றுவதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே மலாக்காவில் தமிழ் ஒரு கல்வி மொழியாக இருந்தது என்பதற்கு இது சான்று. நம் மாணவர்களுக்கு இதை நாம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஊரார் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்த மில்ன் குடும்பத்தின் கதை துயரமானது. ரேச்சல் 1819இல் மறைந்தார். மில்ன் 1822இல் தமது 37ஆம் வயதில் மறைந்தார். பெற்றோரை இழந்த பிள்ளைகள் கடல் கடந்து பெற்றோரின் தாய்நாட்டுக்கே சென்றனர். அவர்களுள் 1815இல் பிறந்த வில்லியம் சார்லசு இசுக்காட்லாந்தில் கல்வி பயின்று, பின்னாளில் தாமும் மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார்.

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட பிள்ளைகள்

மலாயா இரயில்வேயின் தொடக்கக் காலத்தில் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்றினர் என்பதை நம் முதியோர் அறிவர். அவர்களுக்கு அந்த வேலை கிடைக்கக் காரணம் ஆங்கிலக் கல்வி. அக்கல்வியை யாழ்ப்பாணத்தில் பரப்பியவர்களுள் 1816இல் அங்குச் சென்ற அமெரிக்க மிஷனரிகள் முதன்மையானவர்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கூடம் நிறுவினர். 1824இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப்பள்ளி தொடங்கினர். உடுவில் பள்ளியைத் தொடங்கியவர் ஹேரியட் வின்சுலோ அம்மையார். 1862இல் வெளிவந்த 67,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ்-ஆங்கில அகராதியால் நாம் நன்கறிந்த மைரன் வின்சுலோவின் மனைவி இவர்.

ஆனால் இவர்களின் சொந்தப் பிள்ளைகள் எங்கே படித்தனர்? பெரும்பாலோர் சிறுவயதிலேயே அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். பாய்மரக் கப்பலில் பல மாதப் பயணம். காய்ச்சலுக்கு அஞ்சியும், தாய்நாட்டுக் கல்லூரியில் சேர்வதற்கான கல்வி இங்கே கிடைக்காது என்று எண்ணியும் பெற்றோர் அனுப்பினர். ஆயாவின் மடியில் வளர்ந்து தமிழிலேயே பேசும் பிள்ளை தம் நாட்டுக்கு அந்நியமாகிவிடுமோ என்ற கவலையும் இருந்தது. வின்சுலோ இணையரின் மகன் சார்லசு இவ்வாறு கல்விக்காக அனுப்பப்பட்டு, 1832இல் அமெரிக்காவிலேயே இறந்தான். மறு ஆண்டு சனவரியில் தாய் ஹேரியட்டும் மறைந்தார். பிறர் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப்பள்ளி நடத்திய தாய், தம் மகனைப் பள்ளிக்கு அனுப்பி இழந்தார்.

மருத்துவ மிஷனரி ஜான் ஸ்கட்டரின் குடும்பமும் இவ்வாறே பிரிந்தும் கூடியும் வாழ்ந்தது. அமெரிக்காவில் கல்வி பயின்ற அவருடைய மகன்கள் திரும்பி வந்து 1853இல் ஆர்க்காடு மிஷனைத் தொடங்கினர். அவருடைய பேத்தி ஐடா ஸ்கட்டர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பியபோது கல்விக்காக அமெரிக்காவில் விடப்பட்டார். அந்தப் பிரிவின் கசப்பால் தாம் ஒருபோதும் மிஷனரியாக மாட்டேன் என்று உறுதியாக இருந்தார். 1890இல் நோயுற்ற தாயைப் பார்க்கத் திண்டிவனம் வந்தவர், பெண் மருத்துவர் இன்றி ஒரே இரவில் மூன்று பெண்கள் மகப்பேற்றில் இறந்ததைக் கண்டு மனம் மாறினார். மருத்துவம் பயின்று திரும்பி, 1900இல் வேலூரில் சிறிய அளவில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அதுவே இன்றைய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வித்து.

மலைமேல் ஒரு பள்ளி

பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பாமல் இந்த மண்ணிலேயே படிக்க வைக்க இயலாதா என்ற கேள்விக்கு மலைப்பள்ளிகள் விடையாயின. மதுரையில் 1834இல் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிகளும் அவர்தம் குடும்பத்தாரும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் அடுத்தடுத்து இறந்தனர். எனவே 1845இல் கொடைக்கானலில் இரண்டு வீடுகள் கட்டினர். அரை நூற்றாண்டுக்குப் பின் 1901 சூலை முதல் நாள் அம்மலையில் ஹைகிளார்க் என்ற பள்ளி திறக்கப்பட்டது. மார்கரெட் எடி அம்மையார் அதன் முதல் தலைமையாசிரியர். மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென்று ஒரு கைப்பிடி மாணவரோடு தொடங்கிய அப்பள்ளியே இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி.

இனி அந்தப் பள்ளிப் பயணத்தைப் பாருங்கள். 1875இல் இரயில் மதுரையை எட்டியது. அம்மையநாயக்கனூர் நிலையமே கொடைக்கானலுக்கு இறங்கும் இடம். அதனால் கொடை ரோடு என்றே பெயர் பெற்றது. அங்கிருந்து இரவெல்லாம் மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கமாகச் சென்று, மலையடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பை அடைய வேண்டும். வெயில் ஏறுவதற்குள் மலையேறத் தொடங்கிவிட வேண்டும். அதன்பின் ஏறத்தாழ 12 மைல் ஒற்றையடிப் பாதை. பெரியவர்கள் குதிரையிலோ நடந்தோ சென்றனர். பெண்களும் சிறு பிள்ளைகளும் நாற்காலிகளிலும் டோலிகளிலும் அமர்ந்து சென்றனர். அவர்களைத் தூக்கிச் சென்ற தோள்கள் அடிவாரத்துத் தமிழ்க் கூலிகளின் தோள்கள். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊருக்கு, வெறுங்காலோடு சுமந்து ஏறினர். 1914ஆம் ஆண்டு வாக்கில் மலைச்சாலையில் மோட்டார் வண்டி ஏறத் தொடங்கும் வரை இதுவே நிலை.

அந்தப் பள்ளியின் ஆண்டு நீண்ட விடுமுறை அக்டோபர் நடுவிலிருந்து சனவரி வரை. கோடையில் பெற்றோர் மலைக்கு வந்து பிள்ளைகளோடு தங்குவர். மற்ற மாதங்களில் கடிதமே துணை. கப்பலில் அனுப்பி ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றந்தான்.

ஒரு கேள்வி மட்டும் எஞ்சி நிற்கிறது. பள்ளிப் பிள்ளையைத் தோளில் சுமந்து சென்ற அந்தத் தொழிலாளியின் பிள்ளை அன்று காலை எங்கே போனது? மிஷனரிகள் ஊர்ப்புறங்களில் நடத்திய பள்ளிகளுக்குச் சிலர் போயிருக்கலாம். மாடு மேய்க்கப் போனவர்களே மிகுதியாக இருந்திருப்பர்.

நம் நிலையத்தைக் கடந்து சென்ற மாணவர்கள்

மலாயாவிலும் இப்படிப்பட்ட ஒரு பள்ளி இருந்தது. 1865இல் தோன்றிய சீன உள்நாட்டு மிஷன் 1881இல் சீனாவின் சீஃபூ நகரில் தன் பணியாளர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நிறுவியது. இரண்டாம் உலகப் போரில் அப்பள்ளியின் மாணவரும் ஆசிரியரும் சப்பானியரின் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டனர். பெற்றோரைக் காணாமலேயே ஆண்டுகளைக் கழித்த பிள்ளைகள் பலர். சீனாவில் ஆட்சி மாறியபின் அந்த மிஷன் 1951இல் தன் தலைமையகத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றிக்கொண்டது. 1952இல் கேமரன் மலையில் அதே சீஃபூ என்ற பெயரில் பள்ளி தொடங்கியது.

அது அவசரகாலம். 1948 முதல் 1960 வரை நீடித்த அக்காலத்தில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். மிஷனரிகள் பலர் அக்கிராமங்களில் தங்கிப் பணியாற்றினர். அவர்களின் பிள்ளைகளும், தாய்லாந்து முதலிய அண்டை நாடுகளில் பணியாற்றியோரின் பிள்ளைகளும் ஆறு வயது தொட்டே கேமரன் மலை விடுதியில் தங்கிப் படித்தனர். மலைக்குச் செல்லும் இரயில் நிலையம் பேராக்கில் உள்ள தாப்பா ரோடு. அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. அவசரகாலத்தில் அப்பாதையில் காவற்படையின் துணையோடு வண்டிகள் அணியாகச் செல்ல வேண்டியிருந்தது.

சிங்கப்பூரிலிருந்து தாப்பா ரோட்டுக்குச் செல்லும் இரயில்பாதை கெமாஸ் வழியாக நம் புலாவ் செபாங்கைத் தொட்டுத்தான் செல்கிறது. தம்பின் நகரம் நெகிரி செம்பிலானில் இருக்க, அதன் பெயரைத் தாங்கிய நிலையம் மலாக்கா எல்லைக்குள் நம் ஊரில் இருந்தது. இரட்டைப் பாதை வந்தபின் 2013இல் அது புலாவ் செபாங்/தம்பின் என்று பெயர் பெற்றது. சிங்கப்பூரில் இரவு வண்டி ஏறிய சீஃபூ மாணவர்கள் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே இந்த நிலையத்தைக் கடந்தே சென்றிருக்க வேண்டும். பெற்றோரை விட்டுப் பிரிந்த ஆறு வயதுப் பிள்ளைகள் சன்னலோரம் உறங்கிக்கொண்டு போயிருப்பர்.

அந்தப் பள்ளி 2001இல் மூடப்பட்டது. அங்குப் படித்தோரில் சிலர் மலைக்காட்டையும் நண்பர்களையும் மகிழ்வோடு நினைவுகூர்கின்றனர். வேறு சிலர் பெற்றோரைப் பிரிந்த வலி முதுமையிலும் ஆறவில்லை என்கின்றனர். இரண்டும் உண்மையே.

அதே வேளையில் தோட்டத்தில்

அந்த இரவு வண்டி கடந்த சிறிது நேரத்தில், பாதையின் இருபுறமும் இருந்த இரப்பர் தோட்டங்களில் விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும். பெரட்டுக்கு ஆட்கள் எழும் வேளை அது. விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். எனவே இருட்டிலேயே பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் போய்விடுவர். கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில். பெரிய பிள்ளை தானே எழுந்து, தானே முகம் கழுவி, தம்பி தங்கையையும் கிளப்பிக்கொண்டு பள்ளிக்குப் போக வேண்டும்.

பள்ளி என்னவோ அருகில்தான் இருந்தது. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டத்தை நிறைவு செய்தால் போதும் என்ற மனப்பான்மையில் அமைந்தவை பல பள்ளிகள். ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர், பல வகுப்புகள். கிராணியே ஆசிரியராக இருந்த இடங்களும் உண்டு. ஆனால் அந்தப் பள்ளிக்கு ஒரு பெருமை இருந்தது. லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. நண்பகலில் தாய் வேலை முடிந்து திரும்பும்போது பிள்ளையும் வீடு திரும்பியிருக்கும்.

மிஷனரியின் பிள்ளைக்கு நல்ல பள்ளி கிடைத்தது. பெற்றோரின் அருகாமை கிடைக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்குப் பெற்றோர் அருகில் இருந்தனர்; நல்ல பள்ளி கிடைக்கவில்லை. ஒரே இரயில்பாதையின் ஓரத்தில், ஒரே காலத்தில், இரு வேறு குறைகளோடு பிள்ளைகள் வளர்ந்தனர். மிஷனரிப் பெற்றோராவது தம் விருப்பத்தால் அந்த வாழ்வைத் தேர்ந்தனர். தோட்டத் தொழிலாளிக்குத் தேர்வு செய்யும் வாய்ப்பே இல்லை. அந்த வேறுபாட்டை நாம் மறக்கலாகாது.

இன்று நம் கையில் உள்ளது

நாடு விடுதலை பெற்ற 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறக்குறைய 530 உள்ளன. அவற்றுள் 21 நம் மலாக்கா மாநிலத்தில் உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தனர். பள்ளிகள் பல பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. ஒரு காலத்தில் பிள்ளைகள் நடந்து சென்ற பள்ளிக்கு இன்று வேனில் செல்ல வேண்டியுள்ளது. தோட்டப்பள்ளியிடம் இருந்த ஒரே செல்வமான அருகாமையையும் இழந்துவிட்டோம்.

"தமிழ்ப்பள்ளி தூரமாக இருக்கிறது, வேன் கட்டணம் கட்டி மாளவில்லை ஐயா" என்று பெற்றோர் கூறும்போது அதைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடுவது எளிது. நானும் முன்பு அப்படித் தள்ளியவன்தான். ஒருமுறை என் வகுப்பில் நாள்தோறும் உறங்கிய ஒரு மாணவனைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். பிறகுதான் தெரிந்தது, வேனில் முதலில் ஏறுபவன் அவன் என்பது. ஐந்து மணிக்கு எழுந்து, மற்ற பிள்ளைகளின் வீடுகளையெல்லாம் சுற்றி, ஒன்றேகால் மணி நேரம் கழித்துப் பள்ளி வந்து சேர்கிறான். திரும்பும்போது இறுதியாக இறங்குபவனும் அவனே. தமிழ் கற்பதற்காக அவன் கொடுக்கும் விலையை நான் அறியாமலேயே அவனைச் சோம்பேறி என்றுவிட்டேன். அந்தச் சொல்லை இன்றும் திரும்பப் பெற முடியவில்லை.

அதனால் சில வேண்டுகோள்கள்:

1. ஆசிரியர்கள் ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு மாணவனும் எத்தனை மணிக்கு எழுகிறான், எப்படி வருகிறான் என்பதைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளலாம். மதிப்பெண் பட்டியலுக்கு அருகில் இந்தப் பட்டியலும் இருக்கட்டும்.

2. தொலைவிலிருந்து வரும் பிள்ளைகள் பசியாறாமல்தான் வருகின்றனர். முதற்பாடம் தொடங்குமுன் ஒரு ரொட்டித் துண்டும் சூடான பானமும் கிடைக்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்பாடு செய்யலாம்.

3. ஒரே வீடமைப்புப் பகுதியில் வாழும் பெற்றோர் கூடிப் பேசி, முறை வைத்துப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லலாம். வேன் செல்லும் வழியை மாதந்தோறும் மாற்றி அமைத்தால், எப்போதும் ஒரே பிள்ளை முதலில் எழ வேண்டியதில்லை.

4. வேனோ மகிழுந்தோ, அந்தப் பயண நேரம் பிள்ளையோடு பேசக் கிடைக்கும் நேரம். பெற்றோரே ஓட்டிச் சென்றால், கைப்பேசியை ஒதுக்கிவிட்டுப் பேசுங்கள்.

ஹேரியட் வின்சுலோ அம்மையாருக்கும் சீஃபூ மாணவர்களின் தாய்மாருக்கும் கிடைக்காத ஒன்று நமக்கு நாள்தோறும் கிடைக்கிறது. பிள்ளை மாலையில் வீடு திரும்பி நம்மோடு உண்டு உறங்குகிறது. நம் பாட்டன் பாட்டிக்குக் கிடைக்காத ஒன்றும் நமக்குக் கிடைத்துள்ளது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் கற்பிக்கும் பள்ளி இருக்கிறது. இரண்டையும் ஒருசேரப் பெற்ற முதல் தலைமுறைகளுள் நாமும் ஒன்று. இடையில் இருப்பது ஓர் இருண்ட சாலை மட்டுமே. அதைப் பிள்ளை தனியே கடக்க விடாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

நாளைக் காலை உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை மேசை மீது தலை சாய்த்தால், எழுப்புவதற்கு முன் ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். பிறகு மெல்ல எழுப்பி, "எத்தனை மணிக்கு எழுந்தாய், கண்ணு?" என்று கேளுங்கள்.